திரும்பி வராதவர்களின் கதை

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய கதையை இரண்டு முறை படித்தேன். நோட்டின் ஓரத்தில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்டு, அழைப்பு எங்கே, தயக்கம் எங்கே, வழிகாட்டி எங்கே, பெரிய சோதனை எங்கே என்று பென்சிலால் குறித்திருக்கிறாய். நிறைய உழைத்திருக்கிறாய், அது தெரிகிறது. அந்தப் பன்னிரண்டு படிகளைப் பற்றி உன்னிடம் கொஞ்சம் பேச வேண்டும்.

அமெரிக்கரான ஜோசப் கேம்பல் பல நாட்டுப் புராணங்களை ஒப்பிட்டு 1949இல் ஒரு புத்தகம் எழுதினார். நாயகன் வீட்டை விட்டுப் புறப்படுகிறான், சோதனைகளைக் கடக்கிறான், ஏதோ ஒரு வரத்தோடு ஊர் திரும்புகிறான். எல்லா வீரக் கதைகளுக்கும் அடியில் இந்த ஒரே கதைதான் ஓடுகிறது என்றார். அவர் சொன்னவை 17 நிலைகள். ஹாலிவுட்டில் கதை ஆலோசகராக இருந்த கிறிஸ்டோபர் வோக்லர் அவற்றை 12 ஆகச் சுருக்கினார். 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ எடுத்த ஜார்ஜ் லூகாஸ், கேம்பலுக்குத் தான் பட்ட கடனை வெளிப்படையாகவே சொன்னவர். அதன் பிறகு திரைக்கதை சொல்லிக்கொடுக்கும் இடமெல்லாம் இந்தப் பட்டியல் போய்விட்டது.

இதை வெளிநாட்டுச் சரக்கு என்று நான் ஒதுக்கவில்லை. உங்கள் ஜவ்வாது மலைக்குக் கீழே திரௌபதி அம்மன் திருவிழாவில் அர்ஜுனன் தபசு கூத்து பார்த்திருப்பாய். அண்ணன் தம்பிகளை விட்டுப் புறப்பட்டவன், வேடனாக வந்த சிவனோடு மல்லுக்கட்டி, பாசுபதம் வாங்கிக்கொண்டு திரும்புகிறான். கேம்பல் சொன்னது அப்படியே பொருந்துகிறது. நட்ட மரத்தின் மேல் வேஷக்காரர் ஒவ்வொரு படியாகப் பாடிக்கொண்டே ஏறும்போது, கீழே நிற்கும் சனங்களுக்கும் அந்தப் பயணம் புரிகிறது.

சிக்கல் கடைசிப் படியில் இருக்கிறது. உன் கதையில் வரும் பையன் ஊர் திரும்புகிறான், மாலை போடுகிறார்கள், கதை முடிகிறது. ஆனால் நம் பக்கத்து நிலம் அதிகமாக நினைவில் வைத்திருப்பது திரும்பி வராதவர்களைத்தான்.

ஜவ்வாது மலைக்குத் தெற்கே செங்கம் வட்டாரத்தை எடுத்துக்கொள். மாண்ட வீரர்களுக்கு நட்ட நடுகற்கள் தமிழ்நாட்டில் மிகுதியாகக் கிடைத்த பகுதி அது. தொல்லியல் துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று தனிப் புத்தகமே வெளியிட்டது. அந்தக் கல்வெட்டுகளில் பெரும் போர்களைவிட மாட்டுச் சண்டைகளே அதிகம். எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. தன் எருமைகளைக் காக்கும்போது மாண்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்காக நட்டது. அவன் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்து அது காவல் நின்றதை வட்டெழுத்தில் பொறித்திருக்கிறார்கள். வீரன் செத்த பிறகும் கதை நாயிடம் தொடர்கிறது, பார். அதையும் எழுத வேண்டும் என்று நினைத்தவர் யாரோ, அவரை நான் பெரிய எழுத்தாளராக மதிக்கிறேன்.

வீரன் வரவில்லையென்றால் ஊர் என்ன செய்யும்? தொல்காப்பியம் அதற்குப் படிகள் சொல்கிறது. ஏற்ற கல்லைத் தேடிக் காண்பது காட்சி, அதை எடுத்து வருவது கால்கோள், நீராட்டுவது நீர்ப்படை, பிறகு நடுதல், படையலிடும் பெரும்படை, கடைசியில் வாழ்த்து. இந்த ஆறிலும் வேலை முழுவதும் இருப்பவர்களுக்குத்தான். போனவனை ஊருக்குத் திருப்பிக் கொண்டுவருவது அவர்கள் பொறுப்பு.

இளங்கோ இதைக் கதைக் கட்டமைப்பாகவே ஆக்கினார். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்றே காதைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார். மதுரையை எரித்துவிட்டுக் கண்ணகி விண்ணுலகம் போய்விடுகிறாள். அதற்குப் பிறகும் ஒரு முழுக் காண்டம் ஓடுகிறது. அந்தக் காண்டத்தைத் தொடங்கி வைப்பவர்கள் யார் தெரியுமா? மலைவாழ் குறவர்கள். வேங்கை மரத்தடியில் தாங்கள் பார்த்ததை அவர்கள் சேர மன்னன் செங்குட்டுவனிடம் போய்ச் சொன்னதால்தான், அவன் இமயத்துக்குக் கல்லெடுக்கப் போனான். மலையில் உட்கார்ந்து கதை எழுதும் உனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

நீ இருக்கும் காவலூரிலேயே இப்படி ஒரு கதை இருக்கிறது. தினமும் கண்ணில் படுவதால் நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய். வானியலாளர் வேணு பாப்பு ஹார்வர்டில் மாணவராக இருந்தபோதே, 1949இல், ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தவர். அது அவர் பெயரையும் சேர்த்தே வழங்குகிறது. அங்கேயே இருந்திருக்கலாம். திரும்பி வந்து, 1960இல் கொடைக்கானல் வான் ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். தெற்கு வானமும் நன்றாகத் தெரிய வேண்டும், இரவு இருட்டாக இருக்க வேண்டும் என்று இன்னோர் ஆய்வகத்துக்கு இடம் தேடி, ஆலங்காயத்துக்கு மேலே உங்கள் மலையைத் தேர்ந்தெடுத்தார். 1960களின் கடைசியில் 38 செ.மீ. தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது 1977 மார்ச்சில் வெளிப்பட்டபோது, அந்த இரவு அதைப் பதிவு செய்தவர்களில் காவலூர்க்காரர்களும் உண்டு.

இதுவரை உன் பன்னிரண்டு படிகளுக்குள் அடங்கும். பாப்புவின் பெரிய ஆசை, 2.34 மீட்டர் தொலைநோக்கியை இந்தியாவிலேயே செய்து முடிப்பது. வேலை பாதியில் இருந்தபோது, 1982 ஆகஸ்டில், மியூனிக் நகரில் அவர் இறந்துபோனார். வயது 55. கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றியவர்கள், இரும்புச் சட்டத்தைக் கட்டியவர்கள், அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜே. சி. பட்டாச்சார்யா எல்லோருமாக அதை முடித்தார்கள். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி வந்து அதற்கு வேணு பாப்பு பெயரைச் சூட்டினார். இதை நான் நாவலாக எழுதினால் 1982க்குப் பிந்தைய மூன்றரை வருஷத்தைத்தான் எழுதுவேன். தலைவர் இல்லாத பட்டறையில் மறுநாள் காலை முதலில் யார் வாய் திறந்தார்கள், எந்த வேலையை முதலில் கையில் எடுத்தார்கள் என்று யோசித்துப் பார். கதைக்கு அங்கேதான் உயிர் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. உன் பையன் கூலி வேலைக்குத்தான் மலையிறங்குகிறான். 2015 ஏப்ரலில் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தார்கள் என்று 20 பேரை அதிரடிப்படை சுட்டுக் கொன்றது. அவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். அவர்களை அழைத்தது எந்தத் தெய்வமும் இல்லை, முன்பணம் கொடுத்த தரகர்கள். எந்தப் படியில் வைத்து இதை எழுதுவாய்? பட்டியலில் இதற்கு இடம் கிடையாது. ஆனால் அந்த வீடுகளில் பெண்கள் அன்றிலிருந்து பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

உன் கதையில் அந்தப் பையனுக்கு ஓர் அக்கா இருக்கிறாள். முதல் பக்கத்தில் சாமைக் கஞ்சி ஊற்றுகிறாள், கடைசிப் பக்கத்தில் ஆரத்தி எடுக்கிறாள். நடுவில் நான்கு வருஷம் அவள் என்ன செய்தாள் என்று ஒரு வரிகூட இல்லை. அவளுக்குப் பெயரும் வைக்கவில்லை. பையன் பஸ் ஏறிய மறுநாளிலிருந்து, அவள் பக்கம் நின்று, பத்துப் பக்கம் எழுது. அவன் வருவானா மாட்டானா என்பதை இப்போதே முடிவு செய்யாதே. ஓரத்தில் எண்களும் வேண்டாம். பொங்கலுக்கு முன்னால் தபாலில் சேர்த்துவிடு. லீவுக்கு நீ வரும்போது உட்கார்ந்து வரி வரியாகப் பார்க்கலாம்.

அன்புடன்,
மாமா