மேசை வாளில் அமுக்கு உருளை

கேள்வி: தெல்லிப்பழையில் சிறிய மரவேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். பலகை கிழிக்கும்போது பின்னுக்கு எறிகிறது. மேசை வாளின் வழிகாட்டிச் சட்டத்தில் அமுக்கு உருளை பூட்டினால் நிற்குமா?

பதில்: பெரும்பாலும் நிற்கும், சரியாகப் பூட்டினால். வாளின் பின்பக்கப் பற்கள் மேலெழும்போது பலகையையும் தூக்குவதால்தான் அது எறிகிறது. ஆகவே ஓர் உருளை வாளுக்கு முன்னால், மற்றது பின்னால். பலர் பின்னதை மறந்துவிடுகிறார்கள்.

இரும்புச் சட்டத்தில் நேரே துளையிட வேண்டாம். அதன்மேல் நேரான தேக்குப் பலகையொன்றைப் பூட்டி, அதில் உருளைகளைப் பொருத்துங்கள். ஆணித்தலை பலகைக்குள் பதிந்திருக்கட்டும். துருத்தினால் மரம் தட்டி நிற்கும். உருளைகள் 5 பாகையளவு சட்டத்தை நோக்கிச் சரிந்திருந்தால், பலகை தானாகவே சட்டத்தோடு ஒட்டி ஓடும். ஒரு பக்கம் மட்டும் சுழலும் உருளையென்றால், இறுக்குமுன் கையால் உருட்டிப் பாருங்கள்: மரம் போகும் திசையில் உருள வேண்டும், திரும்பும் திசையில் பூட்டிக்கொள்ள வேண்டும். அளவுக்கு மிஞ்சி அமுக்கினால் சட்டமே மேலே எழும்பும். அதன் பின்முனையையும் இறுக்குங்கள்.

பனையென்றால் கூடுதல் கவனம். வெளியே கருவைரம், உள்ளே சோற்றி. வாள் மென்மையான பக்கம் இழுபடும். கோடரியால் செதுக்கிய பழைய சிலாகையை ஒரு முகமாவது சீவித் தட்டையாக்காமல் உருளைக்குள் விடாதீர்கள். எங்கள் பக்கத்து மரங்களில் போர்க்கால எறிகணைத் (செல்) துண்டு இருக்கும். முதலில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஆழத்தில் கிடப்பதற்கு உலோகம் காட்டும் கருவிதான் வேண்டும்.

உருளையைவிட ஒடுங்கிய கீற்றுக்கு இது உதவாது. அதற்குத் தள்ளுகட்டைதான்.