மேகஸின் சிக்கினால் துப்பாக்கி வெடிக்குமா?

கேள்வி: என் மகள் 25 மீட்டர் பிஸ்டல் பிரிவில் .22 பிஸ்டல் சுடுகிறாள். உரிமம் அவள் பெயரில் இருக்கிறது. அவள் வீட்டில் இல்லாத நேரத்தில், உதவியாக இருக்கட்டுமே என்று அவளுடைய மேகஸின் ஒன்றைச் சுத்தம் செய்யக் கழற்றினேன். அடித்தட்டை இழுத்ததும் ஸ்பிரிங் தெறித்து அலமாரிக்கு அடியில் போய்விட்டது. தேடியெடுத்து மாட்டிவிட்டேன், ஆனால் சரியான பக்கம்தானா என்று தெரியவில்லை. அதன்பிறகு பயிற்சியில் கடைசி இரண்டு தோட்டாக்கள் ஏறாமல் சிக்குகின்றனவாம். தையல் மெஷின் எண்ணெய் விட்டுப் பார்த்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. துப்பாக்கி அவள் கையிலேயே வெடித்துவிடுமோ என்று தூக்கம் வரவில்லை. அவளிடம் சொல்லவும் தயக்கமாக இருக்கிறது.
- ஆர்.எஸ்., கோவை

பதில்: முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கை மாற்றி மாட்டியதால் துப்பாக்கி வெடிக்காது. தோட்டா வெடிக்கும்போது எழும் அழுத்தம் மேகஸினுக்கு வருவதில்லை. குழலின் பின்முனையிலுள்ள தோட்டா அறையும், அதை அடைத்து நிற்கும் போல்ட்டும்தான் (முன்னும் பின்னும் ஓடும் இரும்புக் கட்டை) அதைத் தாங்குகின்றன. அடுத்த தோட்டாவைச் சரியான உயரத்தில் கொண்டுவந்து நிறுத்துவதோடு மேகஸினின் வேலை முடிந்துவிடுகிறது. அந்த வேலை கெட்டால் தோட்டா சிக்கும், சுடுவது தடைப்படும். பெரும்பாலும் அவ்வளவுதான்.

ஆனாலும் மகளிடம் இன்றே சொல்லிவிடுங்கள். தன் மேகஸினை யாரோ கழற்றினார்கள் என்பது சுடுபவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். உரிமம் அவர் பெயரில் இருப்பதால் இனிமேல் இந்த வேலை அவர் முன்னிலையில், அவர் கையாலேயே நடக்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து உதவலாம்.

பயப்பட வேண்டிய இடம் வேறு. சுடும்போது வழக்கமான சத்தம் வராமல் 'பொப்' என்று மெலிதாகக் கேட்டால், ஈயக்குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்த தோட்டாவைச் சுட்டால்தான் உண்மையான ஆபத்து. அதனால் அந்த மெல்லிய சத்தம் கேட்டதுமே சுடுவதை நிறுத்தி, குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு பயிற்சியாளரை அழைக்க வேண்டும். போல்ட் முழுதாக மூடாத நிலையில் தோட்டா வெடித்து, உறை கிழிந்து தூள் தெறிப்பதும் அரிதாக உண்டு. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் சுடக்கூடாது என்பது இதற்காகத்தான்.

சரி, ஏன் சிக்குகிறது? மேகஸினில் முக்கியமாக நான்கு பாகங்கள்: உடல், அடித்தட்டு, ஸ்பிரிங், அதன்மேல் அமர்ந்து தோட்டாவை ஏந்தும் ஃபாலோயர் (தாங்கி). மேல்வாயில் உட்பக்கம் வளைந்த இரண்டு உதடுகள் தோட்டாவைப் பிடித்து நிறுத்துகின்றன. ஸ்பிரிங் திசை மாறினால் தாங்கி ஒரு பக்கம் சாய்கிறது. மேகஸின் நிறைந்திருக்கும்போது ஸ்பிரிங் இறுகி இருப்பதால் இந்தக் குறை தெரியாது. தோட்டாக்கள் குறையக் குறைய ஸ்பிரிங்கின் தள்ளுவிசையும் குறையும், அப்போது கடைசித் தோட்டாக்கள் மூக்கைத் தொங்கப்போடும். உங்கள் மகளுக்கு நடப்பது இதுவாகவே இருக்கலாம். ஸ்பிரிங் தளர்ந்துபோனாலும் இதே அறிகுறிதான்.

இரண்டாவது காரணம் அழுக்கு. .22 தோட்டாவின் ஈயக்குண்டின் மேல் மெழுகோ கிரீஸோ பூசியிருப்பார்கள். ஒவ்வொரு முறை சுடும்போதும் புகைக்கரியும் எரியாத மருந்துத் துகளும் பின்னால் வந்து மேகஸினில் விழுகின்றன. மெழுகோடு சேர்ந்து அது கருப்பு மையாகிறது. தாங்கியின் அடியில் விரலால் தடவி உருட்டிப் பாருங்கள், கண்மை போல ஒட்டும், நடுவே மணல் போல நெருடும். நீங்கள் விட்ட எண்ணெய் இந்தக் கரியை எல்லாம் பிடித்துவைத்துக்கொண்டது. மோசமானதற்கு அதுதான் காரணம். எண்ணெய் தோட்டாவுக்குள் கசிந்தால் மருந்தும் கெட்டுப்போகலாம். ஆகவே அந்த மேகஸினில் இருந்த தோட்டாக்களைப் போட்டிக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது, தோட்டாவை அடுக்கும் முறை. .22 தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் நிற்க வேண்டும். பின்னால் போய்விட்டால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், எந்த ஸ்பிரிங்காலும் தள்ள முடியாது.

இனி, மகள் கையால், உங்கள் உதவியோடு செய்ய வேண்டியது. கழற்றுவதற்கு முன் பிஸ்டலிலிருந்து மேகஸினை எடுத்துவிட்டு, போல்ட்டை இழுத்துத் தோட்டா அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். மேகஸினிலுள்ள தோட்டாக்களை எடுத்து, தோட்டாப் பெட்டியை வேறு அறையில் வையுங்கள். மேசையில் ஒரு தோட்டாகூட இருக்கக்கூடாது.

தேவையான சாமான்கள் கொஞ்சம்தான்: பித்தளை அல்லது நைலான் குச்சி, நைலான் பிரஷ் (பழைய டூத் பிரஷ் போதும்), பருத்தித் துணி, மரக்குச்சி, துப்பாக்கிக்கென விற்கும் கரைப்பான், பாதுகாப்புக் கண்ணாடி. ஸ்க்ரூடிரைவர், கம்பி பிரஷ், இடுக்கி மூன்றும் வேண்டாம். அவை உதடுகளைக் கீறும், வளைக்கும்.

முதலில், மாதிரி பார்ப்பதற்காக, நீங்கள் கழற்றாத இன்னொரு மேகஸினை எடுங்கள். சில மேகஸின்கள் கழற்றும்படி செய்யப்பட்டவை அல்ல, கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். கழற்றக்கூடியதானால், அடித்தட்டில் உள்ள பொத்தானைக் குச்சியால் அமுக்கி, தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். இன்னொரு கைக் கட்டைவிரல் திறக்கும் வாயை மூடியபடியே இருக்கட்டும். ஒளி ஊடுருவும் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் இதைச் செய்தால் ஸ்பிரிங் தெறித்தாலும் பைக்குள்ளேயே விழும். ஸ்பிரிங்கின் மேல்நுனி எந்தப் பக்கம் பார்க்கிறது, தாங்கி எப்படி அமர்ந்திருக்கிறது என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதை மூடி வைத்த பிறகே கோளாறான மேகஸினைத் திறக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் பிரித்துப்போட்டால் பாகம் மாறிவிடும்.

சுத்தம் செய்யும் வரிசை இது. கரைப்பானைத் துணியில் தொட்டு உடலின் உட்புறத்தை மரக்குச்சியால் துடையுங்கள். உதடுகளின் பின்மூலையில்தான் கரி கெட்டியாகப் படியும், அங்கே நைலான் பிரஷால் பொறுமையாகத் தேயுங்கள். பிளாஸ்டிக் பாகங்களில் அசிட்டோன் படவேண்டாம், அது பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். பின்பு புதுத் துணியால் துடைத்துக்கொண்டே வாருங்கள். துணி கருக்காமல் வரும்போது அழுக்கு போய்விட்டது என்று பொருள். ஸ்பிரிங்கின் மேல் எண்ணெய் தொட்ட துணியை ஒருமுறை ஓடவிட்டு, உடனே உலர்துணியால் துடையுங்கள். துருவுக்கு அவ்வளவு காப்பே போதும். உட்புறத்தில் ஒரு சொட்டு எண்ணெயும் விடவேண்டாம். மேகஸின் உலர்ந்து இருக்க வேண்டும், இதை மட்டும் மறக்காதீர்கள்.

படத்தைப் பார்த்து மாட்டியபின், தாங்கியை மரக்குச்சியால் கீழே அமுக்கி மெல்ல விடுங்கள். எங்கும் நிற்காமல், சாயாமல் மேலே வரவேண்டும். உதடுகளில் விரிசலோ வளைவோ தெரிந்தால் நிமிர்த்த முயலாமல் புதியது வாங்கிவிடுங்கள். வீட்டில் உண்மையான தோட்டாவைப் போட்டுச் சோதிக்கக் கூடாது. டம்மி தோட்டா போதும், மீதிச் சோதனை சுடுதளத்தில் நடக்கட்டும்.

வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். அந்தக் கருப்பு மையில் ஈயம் இருக்கிறது. சமையலறையிலும் சாப்பாட்டு மேசையிலும் இந்த வேலை கூடாது, வாயால் ஊதித் தூசி தட்டவும் கூடாது. துடைத்த துணியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

போட்டிக்குப் போகும் மகளுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு மேகஸினுக்கும் பெயின்டில் எண் போடச் சொல்லுங்கள். சிக்கல் எந்த எண்ணில் வருகிறது என்று குறித்துக்கொண்டால், கோளாறு மேகஸினிலா பிஸ்டலிலா என்பது இரண்டொரு நாளில் தெரிந்துவிடும். எல்லா எண்ணிலும் சிக்கினால் பிஸ்டலை ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம்) காட்டுங்கள். சர்வதேச விதிப்படி, போட்டியில் தோட்டா சிக்கினால் பிஸ்டலை இலக்குப் பக்கம் நீட்டியபடி, பிடியை விடாமல், மறு கையை உயர்த்தி அதிகாரியை அழைக்க வேண்டும். தானே போல்ட்டைத் தொட்டுவிட்டால் அது ஏற்கத்தக்க கோளாறாகக் கணக்காகாது. மேகஸினைச் சரியாகச் செருகாததும், வீரரே சரிசெய்திருக்கக்கூடிய கோளாறும் அப்படியே. பராமரிப்புக்கு மதிப்பெண் உண்டோ இல்லையோ, பராமரிக்காததற்கு இழப்பு உண்டு.

பயிற்சி முடிந்த ஒவ்வொரு நாளும் வெளியே துடைப்பதும், சுமார் 500 தோட்டாக்களுக்கு ஒருமுறை பிரித்துத் துடைப்பதும் போதுமானது. மேகஸின் மண்ணில் விழுந்தால் மட்டும் அன்றைக்கே பிரித்துப் பாருங்கள். சுத்தம் செய்து, ஸ்பிரிங்கைச் சரியாக மாட்டிய பிறகும் அதே மேகஸின் சிக்கினால் புது ஸ்பிரிங் போடுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் அந்த மேகஸினை ஒதுக்கிவிடுங்கள். ஒரு மேகஸினின் விலைக்காக உங்கள் மகளின் ஒரு போட்டியைப் பணயம் வைக்க வேண்டாம்.