வலி வருவதற்கு முன்பே வாயைக் காட்டுங்கள்: தோட்டத்துக் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா (பெரியவர்களுக்கு இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) வட்டாரத் தோட்டங்களில் பல் டாக்டரிடம் போவதென்றால் பல்லைப் பிடுங்கப் போவதென்றே அர்த்தம். கிராம்பை அடக்கி நாலு நாள் ஓட்டிவிட்டு, கன்னம் வீங்கிய பிறகுதான் கிளம்புவோம். அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் சில வெள்ளிதான். வாடகைக் காரும் போன நாள் சம்பளமும்தான் கையைக் கடிக்கும்.

1. சர்க்கரை, பிரஷர் மருந்து வாங்க கிளினிக் கெசிஹாத்தான் போகும் நாளிலேயே பல்லையும் காட்டிவிடுங்கள். பல கிளினிக்குகளில் பல் பிரிவும் அதே வளாகத்தில் இருக்கும். சர்க்கரைக்காரர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். ஈறு கெட்டுக் கிடந்தால் சர்க்கரையும் இறங்க அடம்பிடிக்கும்.

2. பிள்ளைக்கு ஆறு வயதானதும் பால் பற்களுக்குப் பின்னால், ஒன்றும் விழாமலேயே, கடைசியில் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். பால் பல்தானே, விழுந்து முளைக்கும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது நிரந்தரப் பல்; போனால் போனதுதான். அதன் மேற்புறம் ஆழமான பள்ளங்களாக இருப்பதால் சோறும் பிஸ்கட்டும் அங்கேயே தங்கும். சொத்தை விழுவதற்கு முன் அந்தப் பள்ளங்களை மெல்லிய பூச்சால் அடைத்துவிடலாம். பூச முடியுமா என்று நீங்களே கேளுங்கள்.

3. தமிழ்ப்பள்ளிக்குப் பல் குழு வரும்போது பிள்ளை கொண்டுவரும் அனுமதி பாரத்தில் அன்றே கையெழுத்துப் போடுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கவென்றே தாதியருக்குப் பயிற்சி தரும் பள்ளி 1949-இல் பினாங்கில் தொடங்கியது. நம் பாட்டிமார் காலத்திலிருந்து இருக்கும் சலுகை, பாரம் புத்தகப்பையிலேயே கிடந்து வீணாக வேண்டாம்.

4. குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு கலப்பது 1972 முதல் நாட்டின் கொள்கை. இப்போதைய அளவு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம். கொதிக்க வைத்தால் அது போகாது. ஆர்.ஓ. வகை ஃபில்டரில் பெரும்பகுதி போய்விடும். கிணற்று நீர், மழைநீர் பிடித்துக் குடிப்பவர்களுக்கு இந்தக் காப்பு கிடையாது. அவர்கள் ஃபுளோரைடு பற்பசையை விடக்கூடாது.

5. மூன்று வயதுக்குள் அரிசி அளவு பசை, அதன் பிறகு பட்டாணி அளவு. துலக்கியதும் துப்பினால் போதும். தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்தால் பசையின் மருந்தும் சேர்ந்து போய்விடும். கரித்தூள், செங்கல் தூள், உப்பு எல்லாம் பல்லைத் தேய்த்தே கரைக்கும்.

6. பால் புட்டியோடு பிள்ளையைத் தூங்க வைக்காதீர்கள். அதில் டின் பாலோ மைலோவோ இருந்தால் முன்பற்கள் இரண்டு வயதுக்குள் கறுத்துப்போகும். பேரனைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியிடம் இதைத் தன்மையாகச் சொல்லுங்கள்.

7. அதே பாட்டி வெற்றிலை போடுபவரா? அப்படியானால் இந்தப் பட்டியலில் முக்கியமானவர் அவர்தான். மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடம், அதிலும் பெண்களிடம், அதிகம். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2003-இல் அறிவித்துவிட்டது. மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் உட்கார வைத்து, பல் செட் இருந்தால் கழற்றச் சொல்லி, "பாட்டி, ஆ காட்டுங்க" என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வழக்கமாக வெற்றிலையை அடக்கும் கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி எல்லாவற்றையும் பார்க்கவேண்டும். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருந்தால் உடனே கிளினிக். மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நுழைக்க முடியாதபடி வாய் இறுகியிருந்தாலும், காரக் குழம்பு பட்டாலே வாய் எரிந்தாலும் அப்படித்தான். "வலிக்கலையே" என்பார், ஆரம்பத்தில் வலிக்காது. ஐம்பது வருஷப் பழக்கம் ஒரே நாளில் விடாது. வாயில் அடக்கியபடியே தூங்குவதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள், அடுத்துப் புகையிலையை, பிறகு பாக்கை.

8. மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போகும் என்பது பொய். காறை எடுத்தால் பல் ஆடும் என்பதும் பொய். ஏற்கெனவே ஆடிய பல்லைக் காறை பிடித்து வைத்திருக்கும், அவ்வளவுதான். ஈறில் ரத்தம் வந்தால் துலக்குவதை நிறுத்தாமல் மெதுவாகத் துலக்குங்கள்.

9. திடலில் விழுந்து பிள்ளையின் நிரந்தரப் பல் முழுதாகக் கழன்றால் வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். மண் இருந்தால் லேசாக அலசி, பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் கொண்டுபோனால் மறுபடி பொருத்த வாய்ப்புண்டு. சாதாரணப் பால், டின் பால் அல்ல. கழன்றது பால் பல் என்றால் பொருத்த வேண்டாம், பிள்ளையை மட்டும் காட்டுங்கள்.