லாரி ஓட்டக் கற்பது எங்கே?

அமராவதிப் பாசனத்தில் விளையும் நெல்லும் கரும்பும் தேங்காயும் மடத்துக்குளம் வட்டாரத்தை விட்டு வெளியேறுவது லாரியிலே. நூற்பாலைகளுக்குப் பஞ்சு வருவதும், திருப்பூர்ப் பின்னலாடை தூத்துக்குடித் துறைமுகத்திற்குச் செல்வதும் லாரியிலே. ஆகவே, பாகப்பிரிவினையால் நிலம் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று குறுகிவிட்ட குடும்பங்களில் ஒரு பிள்ளை லாரி ஓட்டக் கற்றுக்கொள்ள விரும்புவது இயற்கையே. விருப்பம் நல்லதுதான். எங்கே கற்பது, எந்த நிபந்தனையின் பேரில் கற்பது என்பதில்தான் பல குடும்பங்கள் இடறி விழுகின்றன.

சென்ற ஆண்டு ஒரு கிராம சபைக் கூட்டம் முடிந்து நாம் புறப்படும் வேளையில், விவசாயி ஒருவர் ஒரு பத்திரத்தின் நகலை நம்மிடம் நீட்டினார். அவருடைய மகனை ஒரு போக்குவரத்துக் கம்பெனி தன் செலவில் லாரி ஓட்டப் பழக்கி, வேலையும் கொடுத்திருந்தது. எட்டு மாதங்களுக்குப் பின் தகப்பனார் நோய்வாய்ப்படவே, மகன் ஊர் திரும்பினான். மூன்றாண்டு முடியுமுன் விலகினால் ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டவேண்டும் என்று பத்திரம் கூறியது. தகப்பனாரே ஜாமீன் கையெழுத்து இட்டிருந்தார். மகனின் அசல் கல்விச் சான்றிதழ்கள் கம்பெனியின் வசம் இருந்தன. “இலவசம் என்றுதானே ஐயா சொன்னார்கள்?” என்று அவர் கேட்டார்.

அதே ஊரில் மற்றொரு குடும்பம், வீட்டு நகையை அடகு வைத்துத் தனியார் பள்ளி ஒன்றில் பணம் கட்டியது. அப்பிள்ளை உரிமம் பெற்றான். ஆனால் பாரம் ஏற்றிய லாரியை ஒரு முறைகூட ஓட்டியறியான். எந்த லாரி உரிமையாளரும் அவனிடம் சாவியைக் கொடுக்கத் துணியவில்லை. முதல் குடும்பம் ‘எத்தனை நாள் கட்டு?’ என்று கேட்கவில்லை. இரண்டாவது குடும்பம் ‘எத்தனை மணி நேரம் ஓட்டம்?’ என்று கேட்கவில்லை. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் விஷயம் இந்த இரண்டு கேள்விகளில் அடங்கிவிடுகிறது.

சட்டம் வகுத்த படிகள்

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, கனரக சரக்கு வண்டி ஓட்ட 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டேனும் சென்றிருந்தால்தான் லாரிக்குரிய பழகுநர் உரிமமே கிடைக்கும். ஆகவே 18 வயதில் செய்யவேண்டிய வேலை, இலகுரக உரிமம் பெற்று வைப்பதாகும். அந்த வயதிலேயே கனரக உரிமம் வாங்கித் தருவதாகக் கூறி முன்பணம் கேட்பவரிடம் ஒரு காசும் கொடுக்க வேண்டாம்.

எல்லோருக்கும் கனரக உரிமம் தேவைதானா என்பதையும் யோசிக்க வேண்டும். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக உரிமத்தைக் கொண்டே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. ‘குட்டியானை’ என்று மக்கள் அழைக்கும் சிறு வண்டியில் துணி மூட்டையோ இளநீரோ ஏற்றிப் பிழைக்க நினைப்பவர், லாரிப் பள்ளிக்கென்று கடன் வாங்க வேண்டியதில்லை.

கனரக உரிமத்திற்கு விண்ணப்பிக்கையில், உரிமம் பெற்ற பயிற்சிப் பள்ளி வழங்கும் ஐந்தாம் படிவச் சான்றிதழை இணைக்க வேண்டும். கிளீனராகச் சேர்ந்து மூத்த ஓட்டுநரிடம் தொழில் கற்ற நம் பழைய வழக்கம் இன்றும் பயன் தருவதே. ஆனால் அவ்வாறு கற்றவரும் பள்ளிச் சான்றிதழ் பெற்றே ஆகவேண்டும். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, சரக்கு வாகனப் பயிற்சி 30 நாட்களுக்குக் குறையலாகாது. அதில் மாணவர் தம் கையால் ஓட்டும் நேரம் 15 மணிக்குக் குறையலாகாது.

இருவகைப் பள்ளிகள்

கம்பெனிகளின் ஆதரவில் நடக்கும் பயிற்சியும் ஒரே தன்மையுடையதன்று. லாரி தயாரிக்கும் கம்பெனி நடத்தும் பயிற்சி நிலையம் ஒரு வகை. நாமக்கல்லில் 1995ஆம் ஆண்டு தொடங்கிய அசோக் லேலண்ட் ஓட்டுநர் பயிற்சி நிலையம் இதற்கு உதாரணம். சரக்குப் போக்குவரத்துக் கம்பெனி தனக்கு வேண்டிய ஓட்டுநரைத் தானே பழக்கிக்கொள்வது மற்றொரு வகை. பத்திரம் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையில்தான் வருகிறது. அமெரிக்காவிலும் பெரிய லாரிக் கம்பெனிகள் பயிற்சிச் செலவை ஏற்று, அதற்கு ஈடாகக் குறிப்பிட்ட காலம் தம்மிடமே வேலை செய்யுமாறு உடன்படிக்கை பெறுவதுண்டு. இம்முறையில் வேலை நிச்சயம். புதிய வண்டியும், உடன் வரும் அனுபவசாலியும் கிடைக்கக்கூடும். கட்டு ஒன்றே குறை.

தனிப் பள்ளியில் கட்டணம் நம்முடையது. கற்றபின் எங்கு வேண்டுமானாலும் வேலை தேடலாம். ஆனால் வேலை தேடும் பொறுப்பும் நம்முடையதே. இவ்விரண்டுக்கும் அப்பால், 1976இல் தமிழக அரசு நிறுவிய சாலைப் போக்குவரத்து நிறுவனமும் ஓட்டுநர் பயிற்சி அளிக்கிறது. மேலும், 2021 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களில் கனரகப் பயிற்சி ஆறு வாரங்களில் 38 மணி நேரம் நடத்தப்பட வேண்டும். சாதாரணப் பள்ளிக்கு விதித்த 15 மணியோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தால், நாம் கேட்கவேண்டியது இன்னதென்று விளங்கும்.

ஒரு சிறு கணக்கு

தனிப் பள்ளிக் கட்டணம் 35,000 ரூபாய் என்றும், அதை நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டிக்குக் கடன் வாங்கி ஓராண்டில் திருப்புவதாகவும் வைத்துக்கொள்வோம். செலவு 39,200 ரூபாய். வேலை கிடைக்க மூன்று மாதம் ஆனால், மாதம் 20,000 வீதம் இழக்கும் வருமானம் 60,000. ஆக மொத்தம் 99,200 ரூபாய். கம்பெனிப் பயிற்சியில் கட்டணம் இல்லை. ஆனால் வெளியில் 20,000 கிடைக்கும் வேலைக்கு அங்கே 17,000 தருவதாகக் கொண்டால், மூன்றாண்டில் குறைவது 1,08,000 ரூபாய். ‘இலவசம்’ என்பதற்கும் ஏறக்குறைய அதே விலை என்று இக்கணக்குக் காட்டுகிறது. தொகைகள் உதாரணத்திற்காகச் சொன்னவை. ஒவ்வொரு குடும்பமும் தான் விசாரித்தறிந்த தொகைகளை இட்டுப் பார்க்கவேண்டும். கையில் பணமின்றி உடனே சம்பளம் தேவைப்படும் வீட்டிற்குக் கம்பெனிப் பயிற்சி பொருந்தலாம். விதைப்புக்கும் அறுவடைக்கும் மகன் ஊரில் இருந்தே ஆகவேண்டும் என்னும் வீட்டிற்கு மூன்றாண்டுக் கட்டு பொருந்தாது.

பணம் கட்டுமுன், கையெழுத்து இடுமுன்

பள்ளிக்கு நேரில் செல்லுங்கள். உரிமத்தின் அசலும் பயிற்றுநர்களின் பெயர்களும் பார்வையில் படும்படி வைக்கப்பட்டிருக்க வேண்டும். பயிற்றுநரின் காலடியிலும் பிரேக் உள்ள வண்டிதானா என்று பாருங்கள். ஒவ்வொரு மாணவரும் ஓட்டிய நேரத்தைக் குறிக்கும் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வண்டிக்கு எத்தனை மாணவர், பாரம் ஏற்றி ஓட்டப் பழக்குவார்களா, இரவிலும் மலைப்பாதையிலும் ஓட்டுவதுண்டா, பின்னோக்கிச் செலுத்தப் பழக்குவார்களா என்று கேளுங்கள். சென்ற ஆண்டு அங்கே கற்ற இருவரைக் கண்டு பேசுங்கள். வகுப்புக்கு வராமலே சான்றிதழ் தருவதாகச் சொல்லும் பள்ளியை விட்டு விலகுங்கள். பழகாத கையில் பத்து டன் பாரம் சென்றால், ஆபத்து அவனுக்கு மட்டுமன்று. சாலையில் சைக்கிளில் செல்லும் நம் பிள்ளைகளுக்கும்தான்.

கம்பெனிப் பத்திரத்தில் நான்கு விஷயங்களைப் படித்தறிய வேண்டும்: கட்டுக் காலம் எந்த நாளில் தொடங்குகிறது; விலகினால் கட்டவேண்டிய தொகை, வேலை செய்த மாதங்களுக்கு ஏற்பக் குறையுமா; சம்பளமும் பேட்டாவும் எழுத்தில் உள்ளனவா; ஜாமீன்தாரர் எதற்குப் பொறுப்பு. அசல் சான்றிதழ்களைக் கொடுக்க வேண்டாம், நகல் போதும். பத்திரத்தில் எழுதிய தொகை முழுவதும் தானாகவே கடனாகிவிடாது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74ஆவது பிரிவின்படி, அத்தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டையே கோர முடியும்.

நாம் முதலில் குறிப்பிட்ட விவசாயியை வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் அனுப்பினோம். பயிற்சிக்கு உண்மையில் ஆன செலவைக் காட்டுமாறு அங்கே கேட்டபோது, தொகை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. சான்றிதழ்களும் திரும்பி வந்தன. ஆயினும் அந்த ஒரு பங்கைக் கட்ட அவர் ஒரு கறவை மாட்டை விற்க நேர்ந்தது. கையெழுத்துக்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தால் மாடு தொழுவத்திலேயே இருந்திருக்கும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும் எவரும் பத்திரத்தைப் பஞ்சாயத்து அலுவலகத்திற்குக் கொண்டுவந்து, எழுத்தறிந்த ஒருவரைக் கொண்டு உரக்கப் படிக்கச் செய்யும் வழக்கத்தை ஊரில் ஏற்படுத்துங்கள். ஊரிலுள்ள மூத்த லாரி ஓட்டுநர் ஒருவரை உடன் உட்கார வையுங்கள். எந்தப் பள்ளியில் பிள்ளைகள் உண்மையில் ஓட்டப் பழகுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. ஒரு திண்ணையும் ஒரு மாலை நேரமும் போதும்.