புரதத்தில் பதியும் சர்க்கரை

உயிரணுவில் ஒரு புரதம் உருவானதுடன் அதன் வரலாறு முடிந்துவிடுவதில்லை. பாஸ்பேட், சர்க்கரை போன்ற சிறு கூறுகள் பின்னர் அதனுடன் இணைகின்றன; அதனால் அதன் வடிவமும் பணியும் மாறக்கூடும். இத்தகைய மாற்றங்களில் பலவற்றை நொதிகள் நெறிப்படுத்துகின்றன. நொதியின் துணையின்றித் தானே நிகழும் மாற்றமும் உண்டு. நீரிழிவு நோயைக் கண்டறியும் ‘ஹீமோகுளோபின் ஏ1சி’ சோதனை இதனையே அடிப்படையாகக் கொண்டது.

இரத்தத்திலுள்ள குளுக்கோஸ் சிவப்பணுவினுள் நுழைந்து, அங்குள்ள ஹீமோகுளோபினுடன் மெல்ல இணைகிறது. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் இந்த இணைப்பும் மிகும். சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். அதுவரை இணைந்த சர்க்கரை பெரும்பாலும் நீங்குவதில்லை. ஆகவே, இச்சோதனை கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி நிலையைக் காட்டுகிறது. நோயாளிகளிடம் இம்மாற்றம் மிகுந்திருப்பதை 1968-இல் ஈரானில் சாமுவேல் ரஹ்பர் கண்டார். அளவு 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பின் நீரிழிவு எனக் கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-இல் அறிவித்தது.

இதே மாற்றம் இரத்தக் குழாய்ச் சுவர்களின் புரதங்களிலும் நிகழ்கிறது. நெடுநாள் நீரிழிவால் கண்ணும் சிறுநீரகமும் பழுதுறுவதற்கு அதுவும் ஒரு காரணமாகும்.

எனினும், சிவப்பணு தன் முழு ஆயுளும் வாழ்கிறது என்ற அனுமானத்தின்மீதே இச்சோதனை நிற்கிறது. அரிவாள் அணு நோயில் சிவப்பணுக்கள் விரைவில் அழிகின்றன. சர்க்கரை பதியப் போதிய காலம் இல்லாமையால், அளவு உண்மையைவிடக் குறைவாகத் தோன்றும். நோயுள்ளவர் நலமுடையவராகக் கணக்கிடப்படுவார். மாறாக, இரும்புச்சத்துக் குறைவில் அளவு உயர்ந்து காட்டக்கூடும்.

நம் நாட்டிற்கு இது சிறு செய்தியன்று. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. நீரிழிவு நோயாளிகள் சுமார் 10.1 கோடிப் பேர் என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது. இவ்விரு குறைகளும் ஒருவரிடமே சேர்ந்திருக்கலாம்.

ஆகவே, மக்களிடையே நீரிழிவுச் சோதனை நடத்துவோர் இரத்தசோகையையும் உடன் கண்டறிதல் நன்று. அரிவாள் அணு நோய் பரவியுள்ள பழங்குடிப் பகுதிகளில், வெறும் வயிற்றில் எடுக்கும் இரத்தச் சர்க்கரைச் சோதனை போன்ற நேரடி முறைகளையே நாடவேண்டும். ஒரே அளவுகோல் எல்லாருக்கும் பொருந்தும் எனக் கொள்வது, சோதனை யாருக்கு மிகவும் தேவையோ அவர்களையே கைவிடுவதாக முடியும்.