அறுந்த வேர் நுனி

அன்புள்ள வாசகருக்கு,

கத்தரி நாற்றைப் பிடுங்கும்போது வேர் அறுந்துவிடுகிறதே, செடி பிழைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் பிழைக்கும். அது எப்படி என்று கொஞ்சம் பேச ஆசை.

நம் கையில் வெட்டுப்பட்டால் சுற்றியுள்ள தோல் செல்கள் நகர்ந்துவந்து காயத்தை மூடும். செடியின் செல்லால் நகர முடியாது. கெட்டியான சுவருக்குள் பிறந்து அதே இடத்தில் சாகிறது. அப்படியானால், நடுவே ஒரு செல் செத்தால் அங்கே யார் வருவது?

ஆஸ்திரியாவில் பெட்ரா மர்ஹாவாவும் யிர்ஷி ஃப்ரிம்லும் சக ஆய்வாளர்களும் கடுகுக் குடும்பத்துச் செடியான அராபிடாப்சிஸின் வேரில் குறிப்பிட்ட செல்லை மட்டும் லேசரால் கொன்று, நுண்ணோக்கியில் கவனித்தார்கள். முடிவு 2019இல் வெளியானது. செத்த செல்லுக்கு உட்புறம் ஒட்டியிருக்கும் செல்தான் முன்வருகிறது. வழக்கமாக அது குறுக்குவாட்டில் பிரிந்து வேரை நீட்டும். இப்போது பிரியும் திசையையே மாற்றி, ஒரு மகள் செல்லை வெளிப்பக்கமாகக் காலி இடத்தில் வைக்கிறது. அந்த மகள் தாயின் வேலையை விட்டுவிட்டு, இறந்த செல்லின் வேலையை ஏற்கிறாள்! எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் நான் நின்றுவிடுகிறேன். யாருக்குப் பிறந்தது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதே அந்தச் செல் என்னவாகும் என்று தீர்மானிக்கிறது.

செத்த செல்லின் உள்ளழுத்தம் வடிந்ததும் பக்கத்துச் செல்கள் அந்தப் பக்கம் உப்புகின்றன. ஆக்சின் ஹார்மோனும் அங்கே கூடுகிறது. இவையே பிரிவை வழிநடத்துகின்றன.

நுனியையே வெட்டினால்? நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சேனா, பர்ன்பாம் குழுவினர் 2009இல் காட்டியபடி, புதுச் செல்களைத் தரும் குருத்துச் செல்களின் இருப்பிடமே போனாலும் மிச்சமுள்ள செல்கள் சில நாளில் புது நுனியைக் கட்டிவிடுகின்றன. ஆனால் வெட்டு நுனிக்கு மிக அருகில், மில்லிமீட்டரின் சிறு பங்குக்குள் விழுந்திருக்க வேண்டும்.

உங்கள் நாற்றில் அறுவது அதற்கு வெகு மேலே. அந்த நுனி திரும்பாது. பக்க வேர்கள் கிளம்பி வேலையை எடுத்துக்கொள்ளும். அதற்குச் சில நாள் ஆகும். நீரை உறிஞ்சும் வேர்த்தூவிகளும் அறுந்திருப்பதால் அதுவரை இலை வாடும். ஆகவே பிடுங்குமுன் நாற்றங்காலை நன்றாக நனையுங்கள், வேரோடு மண்ணும் வரட்டும். வெயில் தாழ்ந்தபின் நடுங்கள். நட்டதும் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். இரண்டையும் தவறவிடாதீர்கள்.

அன்புடன்.