சிப்பியைத் திறக்காமல் முத்து தெரியுமா?



போன மாதம் திரேஸ்புரம் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். மீன் விற்கிற அக்கா ஒருவர் உள்கடன் கேட்டார். எதுக்கு என்றதும், "சினைப்பையில வர்ற புத்துநோயை முன்கூட்டியே காட்டுற ரத்த டெஸ்ட் இருக்காம். எடுத்துட்டா நிம்மதி" என்றார். உடனே இன்னும் நாலு பேர் எங்களுக்கும் வேணும் என்றார்கள். அந்த டெஸ்ட் பற்றித் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

கர்ப்பப்பைக்கு இரண்டு பக்கமும், கருமுட்டை உண்டாகிற சிறு உறுப்புதான் சினைப்பை. அடிவயிற்றின் உள்ளே இருப்பதால் அங்கே வரும் புற்று பெரும்பாலும் பரவிய பிறகே தெரிகிறது. கர்ப்பப்பை வாய்க்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்யும் பரிசோதனை வேறு. அதில் இது தெரியாது. "அதான் டெஸ்ட் எடுத்தாச்சே" என்று இருந்துவிடாதீர்கள்.

ரத்தத்தில் ஏதாவது அடையாளம் கிடைக்குமா என்று பல நாட்டு டாக்டர்கள் தேடினார்கள். 1981-ல் அமெரிக்காவில் ராபர்ட் பாஸ்ட் குழுவினர் ஒரு புரதத்தைக் கண்டறிந்தார்கள். அதைக் காட்டிக்கொடுத்தது அவர்கள் தயாரித்த 125-ஆவது எதிர்ப்பொருள். அதனால் பெயர் சிஏ-125. அந்த அக்கா சொன்ன டெஸ்ட் இதுதான்.

சிக்கல் என்னவென்றால், மாதவிலக்கு, கர்ப்பம், கர்ப்பப்பைக் கட்டி, வயிற்றில் வரும் டி.பி., ஈரல் நோய் எதிலும் இதன் அளவு கூடலாம். புற்று ஆரம்ப நிலையில் இருக்கும் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கோ கூடுவதே இல்லை.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இது புரியும். 1961 வரை இங்கே முத்துக்குளிப்பு நடந்தது. எந்தச் சிப்பியில் முத்து என்று மேலே பார்த்து யாரும் சொல்ல முடியாது. அறுத்துத்தான் பார்க்கணும், பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இங்கே அறுபடுவது சிப்பி இல்லை, நம் வயிறு.

அமெரிக்காவில் 78 ஆயிரம் பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் இந்த டெஸ்டும் ஸ்கேனும் செய்தார்கள். 2011-ல் முடிவு வந்தது. நோய் இல்லாமலே 3,285 பேருக்குச் சந்தேகம் என்று வந்து, 1,080 பேருக்கு ஆபரேஷன் நடந்தது. அதில் 163 பேர் கடுமையான தொந்தரவுக்கு ஆளானார்கள். சாவு குறையவில்லை. இங்கிலாந்தில் டாக்டர் உஷா மேனன் முன்னின்று நடத்திய ஆய்வில் 2 லட்சம் பெண்கள் சேர்ந்தார்கள். வருஷா வருஷம் ரத்தம் பார்த்ததில் சிலருக்கு நோய் முன்னதாகவே தெரிந்தது. ஆனாலும் சாவு குறையவில்லை என்று 2021-ல் அறிவித்தார்கள். எங்களுக்கே இது வருத்தமாக இருந்தது. தேடல் நின்றுவிடவில்லை; ஹெச்இ-4 என்ற புரதத்தையும், ரத்தத்தில் மிதக்கும் புற்றின் மரபணுத் துணுக்குகளையும் ஆராய்கிறார்கள்.

ஆகவே தொந்தரவு எதுவும் இல்லாதவர்கள் கடன் வாங்கி இதை எடுக்க வேண்டாம் என்று கூட்டத்தில் சொன்னோம். அப்போதுதான் அந்த அக்கா மெதுவாக, "ரெண்டு மாசமா வயிறு உப்புசமா இருக்கு, நாலு வாய் சாப்பிட்டாலே நிறைஞ்சிருது" என்றார். கேஸ் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாராம்!

இது வேறு விஷயம். வயிறு உப்புசம், அடிவயிற்று வலி, கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைவது, அடிக்கடி அவசரமாகச் சிறுநீர் வருவது இவை புதிதாக வந்து, மாதத்தில் 12 நாளுக்கு மேல் இருந்தால் மகளிர் டாக்டரிடம் போகணும். மாதவிலக்கு நின்றவர்கள் தள்ளிப்போடவே கூடாது. அப்போது டாக்டர் எழுதித் தரும் ஸ்கேனும் சிஏ-125-ம் உதவியானவை. அம்மா, கூடப்பிறந்தவர்களுக்கு மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்று வந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். புற்று என்று தெரிந்தால் சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உதவும்.

அக்காவை மறுநாளே குழுவில் இரண்டு பேர் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். ஸ்கேனில் தெரிந்தது கர்ப்பப்பைக் கட்டி, புற்று இல்லை. வைத்தியம் நடக்கிறது. கேட்ட உள்கடனில் ஆட்டோவுக்கும் சாப்பாட்டுக்கும் 300 ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டார்.